சேர் குடியிருந்த குளம்

தொண்ணூறுகளின் கடைசியில் வவுனியாவில் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணினி வேலை பார்த்தேன். அங்கே வரைபடங்களுக்குப் பொறுப்பாக ஒரு மேலதிகாரி இருந்தார், எல்லோருக்கும் அவர் 'சேர்'. அந்த மனிதனை நான் இன்றும் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற எண்ணமும் இல்லை.

எங்கள் ஊர் செட்டிகுளத்துக்கு உள்ளே. இனக் கலவரத்தில் மலையகத் தோட்டங்களிலிருந்து அடிபட்டு வந்த சனம் காடு வெட்டிக் குடியேறிய இடம். எருமை புரளும் குட்டைதான் குடிதண்ணீருக்கும். அதைக் குடித்து அம்மா நெருப்புக் காய்ச்சலில் படுத்துவிட்டார். நிறுவனம் குழாய்க்கிணறு அடிக்க இடம் தேடுகிறது என்றறிந்து சேரிடம் போய்க் கேட்டேன். அவர் கணினித் திரையைத் தொட்டுக் காட்டினார். எங்கள் ஊர் இருந்த இடம் முழுக்கப் பச்சை.

"அங்க காடுதான் பிள்ளை. வரைபடத்தில ஆக்கள் இல்லை எண்டால் இல்லைத்தான்."

வெள்ளைக்காரன் காலத்து வரைபடத் தாளைப் பார்த்து ஏற்றிய படம் அது. நாங்கள் வந்ததோ எவ்வளவோ பின்னால். திருத்தச் சொன்னேன். வந்தான் வரத்தானுக்கெல்லாம் படம் கீற ஏலாது என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். என் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்.

நானே திருத்தவும் வழியில்லை. அவருடைய மென்பொருள் விலைக்கு வாங்கியது. கணினியின் பின்னால் ஒரு சாவித்துண்டைச் செருகினால்தான் திறக்கும். அதை மேசை லாச்சியில் பூட்டி வைத்திருப்பார். அந்த நேரம் பார்த்து, வெளிநாட்டிலிருந்து வந்துபோன பொறியியலாளர் ஒருவர் எனக்கு ஒரு சீடி தந்தார். அதுவும் வரைபட மென்பொருள்தான், ஆனால் பூட்டும் இல்லை, விலையும் இல்லை. அதன் உள்நிரலைக்கூட யாரும் பார்க்கலாம், மாற்றலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டிப் பழகினேன். கோபத்தில் படித்தால் நன்றாக ஏறும்.

பழைய தாளை அதில் ஏற்றியபோது நகரத்தின் ஓரத்தில் ஒரு நீலத் திட்டைக் கண்டேன். சேர் வீடு கட்டியிருந்த ஒழுங்கை, அதே சின்னத் தெரு! ஒரு காலத்தில் குளம், தூர்ந்துபோய்க் குடிமனையாகிவிட்டது. முதல் கிணறும் அங்கேதான் என்று அவர் குறித்து வைத்திருந்தார். தன் படத்தில் மட்டும் அந்த நீலத்தைச் சத்தமில்லாமல் அழித்திருந்தார். அடப் பாவி, தன் குளத்தை அழிக்கத் தெரிந்த கைக்கு எங்கள் காட்டை அழிக்கத் தெரியவில்லை.

இடங்களை முடிவுசெய்யும் கூட்டத்துக்கு முதல்நாள், சேர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். கூட்டத்துக்கு வேண்டிய படத்தை நான் என் மென்பொருளில் அச்சிட்டேன். பழைய தாளில் இருந்ததை இருந்தபடி, அவர் குறித்த கிணறுகளோடு. கூட்டத்தில் கொழும்பிலிருந்து வந்த பணிப்பாளர் அதை விரித்துப் பார்த்தார். முதல் கிணற்றை ஏன் குளத்துக்கு நடுவில் அடிக்கப் போகிறீர்கள் என்று கேட்டார்.

சேர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "அது இப்ப குளமில்லை. நான் அங்கதான் இருக்கிறன். வந்து பாருங்கோ."

"நாங்களும் அந்தக் காட்டுக்குள்ளதான் இருக்கிறம். அங்கயும் வந்து பாருங்கோ" என்று படத்தில் எங்கள் ஊர்ப் பச்சையைத் தொட்டுக் காட்டினேன்.

பணிப்பாளர் இரண்டு இடத்தையும் போய்ப் பார்த்தார். முதல் கிணறு எங்கள் ஊருக்கு வந்தது.

அதற்குள் மற்ற நிறுவனங்கள் என் படத்தைப் படியெடுத்துக்கொண்டு போயிருந்தன. சேர் ஒருநாள் என் மேசைக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, அந்த நீலத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். போகிற இடமெல்லாம் வள்ளத்திலா வீட்டுக்குப் போகிறீர்கள் என்று பகிடி பண்ணுகிறார்களாம். ஒரு கட்டளை தட்டினால் போதும். நான் தட்டவில்லை.

"வரைபடத்தில இருந்தால் இருக்குத்தான் சேர்" என்றேன்.

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும். அம்மா தேறி எழும்பி, குழாய்க்கிணற்றில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்தார். சேர் குளத்துக்குள்ளேயே கிடக்கட்டும்.