குவீன்ஸ்டவுனில் உடைந்த சைலன்சர்

அல்போன்சம்மாள் சவ வண்டி ஓட்டுகிறார். அதற்கு முன்பு பல வருடங்கள் பள்ளிப் பேருந்து ஓட்டினார். யாராவது கேட்டால், "ரெண்டுலயும் வீட்டுக்காரங்க மெதுவா ஓட்டுங்கன்னு சொல்லித்தான் ஏத்தி விடுவாங்க" என்பார். அவர் மகன் எய்டன் நண்பர்களிடம் "அம்மா டிரைவர்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

அவர் வேலை பார்க்கும் இறுதிச் சடங்கு நிறுவனம் லிட்டில் இந்தியாவில் ஒரு பின்சந்தில் இருக்கிறது. சென்ற வருட மழைக்காலத்தில் வண்டியின் சைலன்சரில் ஓட்டை விழுந்தது. முதலாளி சுந்தரம் அதன்மேல் பசை பூசித் தகடு சுற்ற வைத்தார். "இன்னும் கொஞ்ச நாள் ஓடும்லா" என்றார். ஓடவும் ஓடியது.

குவீன்ஸ்டவுனில் அம்பிகைபாகன் என்ற முதியவர் இறந்திருந்தார். யாழ்ப்பாண வழிக் குடும்பம். ஓய்வு பெறும்வரை அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தவர். அவர் குடியிருந்த அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் சடங்குகள் முடிந்து பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். அந்த வீட்டு வழக்கப்படி பெண்கள் மண்டாய் தகனச் சாலைக்குப் போவதில்லை. மனைவி குணவதி தூணருகே நின்றார்.

அல்போன்சம்மாள் வண்டியை எடுத்தார். கார் நிறுத்துமிடத்து வேகத்தடையில் ஏறி இறங்கியதும் அடியில் ஏதோ முறிந்தது. அடுத்த கணம் எஞ்சின் அலறியது. சத்தம் நாலு பக்கச் சுவர்களிலும் மோதித் திரும்பி வந்தது. மேல் மாடியில் ஒரு குழந்தை வீறிட்டது. அவர் உடனே எஞ்சினை அணைத்தார்.

தரையில் செய்தித்தாளை விரித்துப் படுத்து எட்டிப் பார்த்தார். குழாயிலிருந்து சைலன்சர் பிய்ந்து ஒரே ஒரு ரப்பர் வளையத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அது தரையில் இழுபடாமல் கம்பியால் கட்டிவிட்டு எழுந்தார். வெள்ளைச் சட்டையின் முதுகெல்லாம் அழுக்கு.

இறந்தவரின் மகன் வாகீசன் வந்தார். "அக்கா, வேற வண்டி கிடைக்காதா?"

"கேட்டுட்டேன் தம்பி. இன்னொரு வண்டி சைனாடவுன்ல மாட்டிக்கிட்டு இருக்கு. அது வர்றதுக்குள்ள மண்டாய்ல நம்ம ஸ்லாட் போயிடும். இதுவே போகும். சத்தம்தான்."

அதற்குள் குணவதியும் பக்கத்தில் வந்துவிட்டார். "அவருக்குச் சத்தமே ஆகாது, அம்மா. மேல் வீட்டில கதிரை இழுத்தாலே எழும்பி இருந்திடுவார். என்ர கண் முன்னால இப்பிடிப் போக வேண்டாம்."

அல்போன்சம்மாள் வண்டியைப் பார்த்தார், பிறகு சாலையைப் பார்த்தார். "அப்ப ரோட்டு முனை வரைக்கும் தள்ளிட்டுப் போகலாம். நான் ஸ்டியரிங் பிடிக்கிறேன். எஞ்சின் ஓடலன்னா பிரேக் கல்லு மாதிரி இருக்கும். நான் கையை வெளிய காட்டினா எல்லாரும் விட்டுடணும், சரியா?"

வேட்டி கட்டிய உறவினர்கள் கை வைத்தார்கள். காப்பிக்கடையிலிருந்து ஒரு சீனரும் பக்கத்து புளோக் மலாய்க்காரர் ஒருவரும் கேட்காமலே வந்து சேர்ந்துகொண்டார்கள். வண்டி நகர்ந்தது. செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. கண்ணாடியில் குணவதி கைகூப்பி நிற்பது தெரிந்தது. முனை திரும்பி அடுத்த புளோக்கையும் தாண்டிய பிறகுதான் அல்போன்சம்மாள் எஞ்சினைப் போட்டார். உறவினர்கள் பின்னால் வந்த பேருந்தில் ஏறிக்கொண்டார்கள். வாகீசன் மட்டும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

விரைவுச்சாலையில் சத்தம் இன்னும் ஏறியது. போலிஸ் நிறுத்தினால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே அவர் ஓட்டினார். வாகீசன் வாயைத் திறப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"என்ன தம்பி?" என்று திரும்பினார்.

வாகீசன் அழுதுகொண்டிருந்தார். இரண்டு நாளாகச் சாப்பாட்டுக்காரரிடம் பேசி, தொலைபேசிக்குப் பதில் சொல்லி, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்த மனிதர், இப்போது வாய்விட்டுக் கத்தி அழுதார். எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருந்தவருக்கே அது சரியாகக் கேட்கவில்லை. அல்போன்சம்மாள் முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மண்டாய்க்கு முன்னால் ஒரு சிக்னலில் நின்றார்கள். எஞ்சின் தணிந்ததும் வாகீசனும் சட்டென்று அடக்கிக்கொண்டு வெளியே பார்த்தார். தோள்கள் குலுங்கின. அல்போன்சம்மாள் கியரை நியூட்ரலில் தள்ளி ஆக்சிலரேட்டரை மிதித்தார். வண்டி நின்ற இடத்திலேயே உறுமியது. பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர் திரும்பி முறைத்தார். பச்சை விழும்வரை அல்போன்சம்மாள் காலை எடுக்கவில்லை.

தகனம் நேரத்துக்கு நடந்தது. வாகீசன் முகம் கழுவிவிட்டு வந்து, "தேங்க்ஸ், அக்கா" என்றார்.

அங்கிருந்து அல்போன்சம்மாள் நேராக உட்லண்ட்ஸ் பட்டறைக்குப் போனார். மெக்கானிக் ஷாஹித் வண்டியைத் தூக்கி நிறுத்திப் பழைய சைலன்சரைக் கழற்றினார். துருப் பொடி கொட்டியது.

"உள்ளுக்குள்ளயே அரிச்சிருக்கு, அக்கா. இந்த வண்டி எப்பவும் கொஞ்ச தூரம்தான் ஓடுது, அதுவும் மெதுவா. சூடு ஏறாது, தண்ணி உள்ளேயே நின்னுடும். புதுசு மாட்டிடுறேன். ஆனா வாரத்துல ஒரு தடவை இதை நல்லா நீளமா ஓட்டிட்டு வாங்க. இல்லன்னா இதுவும் இப்படித்தான் ஆகும்."

மாலையில் சுந்தரம் கேட்டார்: "அந்தக் குடும்பம் கம்ப்ளெயின்ட் ஏதும் பண்ணுச்சா? மகன் பக்கத்துலதானே இருந்தாரு?"

"ஒண்ணும் சொல்லல" என்றார் அல்போன்சம்மாள்.

இப்போது வேலை இல்லாத ஒரு காலையில், வாரம் தவறாமல், அவர் காலி வண்டியை எடுத்துக்கொண்டு தீவின் மேற்குக் கோடியில் உள்ள துவாஸ் வரை போய்த் திரும்புகிறார். விரைவுச்சாலையில் மற்ற கார்கள் சவ வண்டியைக் கண்டதும் ஒதுங்கி வழி விடுகின்றன. அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு, அனுமதித்த வேகத்தின் விளிம்பு வரைக்கும் போகிறார்.