முகதாட்சண்யம் வேண்டாமென்ற அண்ணாச்சி

வேலாயுதம் அண்ணாச்சி தவறிவிட்டார்கள் என்று போன் வந்தபோது, இராஜபாளையத்தில் எங்கள் யூனிட்டில் பேண்டேஜ் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அழுகைக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. புது மிஷினுக்குத் தருவதாகச் சொன்ன பணம் இன்னும் கைக்கு வரவில்லை. அண்ணாச்சி இல்லாமல் மற்றவர்கள் தருவார்களா?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணாச்சி ஸ்ரீவில்லிபுத்தூரில் நூல் வியாபாரம் செய்தவர்கள். கையில் கொஞ்சம் பணம் உள்ளவர்களைச் சேர்த்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் கூட்டாக முதல் போடும் குழுவை நடத்தினார்கள். ஏஞ்சல் இன்வெஸ்டர் என்று பெயராம். ஏஞ்சல் என்றால் தேவதை என்றார்கள்.

"வேட்டி கட்டுன தேவதைய இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றேன்.

"றெக்கைய சலவைக்குப் போட்ருக்கேன் தாயி" என்றார்கள், சிரிக்காமல்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். புண்ணுக்குக் கட்டுப்போடத் தேவையான எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு விற்கலாம் என்ற யோசனையோடு போனேன். குழுவினர் வந்து என் தகரக் கொட்டகையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அம்புட்டுக் கேள்வி கேட்டதில்லை. பிறகு ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள்.

அடுத்த மாதம் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வட்டியையும் வைத்துக் கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிதான் விளக்கினார்கள்.

"ஏட்டி மாரி, வட்டி யாரு கேட்டா? நாங்க கடனா குடுத்தோம்? ஒன் கம்பெனில பங்கு வாங்கிருக்கோம். நீ செயிச்சா எங்களுக்கும் உண்டு, தோத்தா எங்களுக்கும் போச்சு."

"தோத்தா வீட்டுக்கு வந்து சட்டிபானையத் தூக்க மாட்டியளா?"

"ஒன் சட்டிய வச்சு நான் என்ன செய்ய? பாதித் தொழிலு தோக்கும்னு தெரிஞ்சுதான் போடுதோம்."

வெற்றிலையை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

போன மாதம் கிருமி நீக்கும் மிஷினுக்காக மறுபடியும் கேட்டேன். அது இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிகள் எங்கள் சரக்கை எடுக்காது, யூனிட்டை மூட வேண்டியதுதான். அண்ணாச்சி உடம்பு அப்போதே தளர்ந்திருந்தது. முடிவெடுக்கும் நேரத்தில் எழுந்து வெளியே போய்விட்டார்கள். பின்னாலேயே ஓடினேன்.

"இப்படி நட்டாத்துல விட்டுட்டுப் போறியளே!"

"நான் கை தூக்குனா எல்லாரும் தூக்குவாவ. அது முதலீடு இல்ல தாயி, முகதாட்சண்யம். எம்மூஞ்சிக்காகப் போட்ட பணம் எனக்குப் பொறவு நிக்காது. உள்ள போயி நீயே பேசு."

கோபத்தோடு உள்ளே போனேன். குழுவில் ஒருவரான, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் பகுதிப் பல் டாக்டர், மரத்துப்போக ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குவதுபோலக் கேள்வி கேட்டார். யார் வாங்குவார்கள், நான் படுத்துவிட்டால் யார் நடத்துவார்கள் என்றெல்லாம். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைத் தெரியாது என்றேன். கடைசியில் முதல் கை தூக்கியவர் அவர்தான். மற்றவர்களும் தூக்கினார்கள். பணம் வருவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார்கள்.

துக்க வீட்டில் நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வாசல்வரை போன பல் டாக்டர், என்னைப் பார்த்ததும் திரும்பி வந்தார்.

"மிஷினுக்கு ஆர்டர் போட்டாச்சா?"

"இல்ல டாக்டர்... இனிமே பணம் தருவியளோ என்னமோன்னு..."

"என்ன பேச்சு பேசுத? அண்ணாச்சிக்காகவா தாரோம்? ஒன் தொழிலுக்குத் தாரோம். திங்கக்கெழம வந்திரும், ஆர்டரப் போடு."

அண்ணாச்சி படுத்திருந்த கண்ணாடிப் பெட்டிக்கு அருகில் நின்றே அப்படிச் சொன்னார். அதன்பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே சிரித்தேன். பக்கத்தில் இருந்த பெண்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும். அந்தப் பெட்டிமேல் கிடந்த அத்தனை மாலைகளையும்விட டாக்டர் சொன்ன சொல்தான் அண்ணாச்சிக்குப் பிடித்திருக்கும்.

நிம்மதியாகத் தூங்குங்கள் அண்ணாச்சி. மிஷினை நாங்கள் இறக்கிக்கொள்கிறோம்.