மைதானத்தில் இறங்கிய பனி

உயர்தரம் படிக்க மடுல்சீமையிலிருந்து பண்டாரவளைக்கு வந்து சித்தி வீட்டில் தங்கினேன். எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அந்த வகுப்பு இல்லை.

முதல் நாள் டீச்சர் ஊரைக் கேட்டார். தோட்டத்தின் பெயரோடு டிவிஷனையும் சேர்த்துச் சொன்னேன். பின்னால் சிரிப்பு கேட்டது. "லயத்துல இருந்தா வர்ற?" என்றாள் ஒருத்தி. ஆமாம் என்றேன். தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையது. அதன்பிறகு யாரோடும் அதிகம் பேசவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து, பைனஸ் மரங்கள் ஒவ்வொன்றாகப் பனிக்குள் கரைவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அடுத்த வாரம் இன்னொரு புதியவள் வந்தாள். அவளுடைய அப்பா டாக்டர். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். என் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

"இது புகையே?" என்று ஜன்னலைக் காட்டிக் கேட்டாள்.

"பனிங்க."

"நீர் அதுக்குள்ள நடந்திருக்கிறீரோ?"

என்னை யாரும் 'நீர்' என்று சொன்னதில்லை. நாடகத்தில் ராஜா பேசுவது போலிருந்தது. சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். அவள் பேச்சுக்கும் வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று பிறகு சொன்னாள்.

இடைவேளையில் இருவரும் மைதானத்தில் இறங்கினோம். கொஞ்ச தூரம் போனதும் கட்டடம் இல்லை, வானம் இல்லை, எங்கள் கால்கள்கூட இல்லை. உடம்பின் பாரமெல்லாம் எங்கோ கழன்று போனது போலிருந்தது. மணி அடித்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவள் என் டையின் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு."

"அப்படியே நில்லு," என்றேன்.

மலையில் கொழுந்து எடுப்பவர்கள் பனிக்குள் ஒருவரையொருவர் கூப்பிடுவது போல, "ஓ...ஓ..." என்று நீட்டிக் குரல் கொடுத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. அவளும் என்னோடு சேர்ந்து கூப்பிட்டாள். எங்கள் குரல்கள் வெள்ளைக்குள் மிதந்து போயின. சற்றுப் பொறுத்து, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்," என்று பதில் வந்தது. லயத்தைப் பற்றிக் கேட்டவள்தான் படியில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு வகுப்புக்குள் நுழைந்தபோது சிலர் சிரித்தார்கள். இந்த முறை நாங்களும் சிரித்தோம்.

சாயங்காலம் அவளைச் சித்தி வீட்டுக்குக் கூட்டிப்போனேன். ரொட்டியும் கட்டசம்பலும் தின்றுகொண்டே கேட்டாள்: "லீவுக்கு உம்மட தோட்டத்துக்கு வரலாமோ?"

"வாங்க," என்று சொல்லி, உடனே மாற்றிக்கொண்டு, "வா. ரோட்டுதான் மோசம்," என்றேன்.

டிசம்பர் லீவில் வந்தாள். பசறை தாண்டியதும் வளைவுகளில் தலை சுற்றி என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பஸ் மெல்ல ஏறியது. இரண்டு பக்கமும் தேயிலை மலைகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. ஊர் வரும்வரை நான் அசையவே இல்லை.