சின்னம்மா கீறிய கிரகணம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கோணும், நினைவும் இடையிடையே அறுந்துபோகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சின்னம்மா கீறிய படங்களை வவுனியாவில் ஒரு மண்டபத்தில் மாட்டப் போகிறார்களாம். "அந்தக் கிரகணப் படத்தின்ரை கதை உங்களுக்குத்தானே தெரியும், எழுதித் தாங்கோ அக்கா" என்று அவரின் மகள் கேட்டதால் எழுதுகிறேன்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. கிளிநொச்சிப் பக்கம் குடியேற்றக் காணியில் எங்களோடு இருந்தார். விஞ்ஞானம் படித்தவர். நெல் வைக்கும் அறையின் கதவில் ஆணியால் ஒரு துளை போட்டு, கதவைச் சாத்தி இருட்டாக்குவார். வெளியில் நிற்கும் பனையும் மாடும் எதிர்ச்சுவரில் தலைகீழாக வந்து விழும். அந்த வெளிச்சத்தின் மேலேயே கடதாசியை வைத்துக் கரித்துண்டால் கீறுவார். அம்மாவுக்கு அது பிடிக்காது. "நெல்லு வைக்கிற அறையிலை மாட்டைக் கவிட்டு வைச்சிருக்கிறாள்" என்பார்.

கிரகணம் வந்தபோது சின்னம்மாவுக்கு ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சி மேல் கிரகண வெயில் பட்டால் பிள்ளை உதடு பிளந்து பிறக்கும் என்று ஊரில் பயம். அம்மா அவரை அந்த அறையிலேயே இருத்தி, துளையில் சீலைத்துண்டை அடைத்து, என்னை உள்ளே காவல் வைத்தார். கிரகண நேரத்தில் உலக்கை தானாக நிமிர்ந்து நிற்குமாம். அதைப் பார்க்க முற்றத்துக்குப் போய்விட்டார்.

கால் மணித்தியாலம் போயிருக்காது.

"எடி குஞ்சு, அந்தச் சீலையை இழு."

"ஐயோ, அம்மா அடிப்பா."

"கொம்மா உலக்கையோடை நிக்கிறா. கெதியா இழடி."

இழுத்தேன். சின்னம்மாவின் கடதாசியில் பாக்களவு வெளிச்சம் விழுந்தது. எலி கடித்த அப்பளம் போல அதில் ஒரு பக்கம் இல்லை. அதைச் சுற்றிக் கீறினார். பொறுத்திருந்து, பக்கத்தில் இன்னொன்று. வெளிச்சம் நகர நகரக் கடதாசியையும் நகர்த்தினார். அப்படிக் குனிந்தபோது, கடிபட்ட சூரியன் அவரின் வயிற்றில் ஏறி நின்றது.

"சின்னம்மா, பிள்ளைக்குச் சுடாதே?"

"சூரியன் மேலை நிக்குதடி. இது அதின்ரை படம். படம் சுடுமே?"

நான் நம்பவில்லை. ஒருவரிடமும் சொல்லவுமில்லை. பிள்ளையாருக்கு என் சீனியை நேர்ந்துவிட்டு, நாலு மாதம் சீனியில்லாத் தேத்தண்ணி குடித்தேன். எனக்கு நல்ல புத்தி வந்துவிட்டதென்று என்னைப் பெற்ற ஐயா மெச்சினார்.

மருத்துவிச்சி கதவைத் திறந்ததும் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். பெண் பிள்ளை, இதை எழுதச் சொன்னவளேதான். பெரிதாக ஒரு கொட்டாவி விட்டாள். உதடு முழுசாக இருந்தது. நெஞ்சில் கிடந்த கல் விழுந்த கையோடு வாயும் திறந்துவிட்டது.

"அம்மா, சீலையை நான்தான் இழுத்தனான்! ஆனா ஒண்டும் நடக்கேல்லை!"

அம்மா அடிக்கக் கை ஓங்கினார். பிள்ளையைப் பார்த்தார். ஓங்கிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ரெண்டு மூதேவியள்" என்றார்.

நான் உள்ளே ஓடியபோது சின்னம்மா சுண்டுவிரலால் பிள்ளையின் மேலுதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, திரும்பவும், திரும்பவும். கொஞ்சுகிறார் என்றுதான் அன்று நினைத்தேன்.

அது எந்த வருஷத்துக் கிரகணம், ஐந்து மாதமா ஆறா என்பதையெல்லாம் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்த விரலை மட்டும் திருத்த வேண்டாம். அதை நான் கண்டனான்.