தோள் துணிக்குக் கெட்டித் தையல்

ஊசியக்கா கறுப்பு அங்கியின் தோளில் நீலத் துணியை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். நாடகக் கொட்டகையின் உடையறையில் பத்தொன்பது வருடமாக இதே வேலை.

ஆண்டுதோறும் சில நாள் தொடர்ந்து போடும் பழைய நாடகம் அது. கடைசிக் காட்சியில் வேற்று மதத்து வணிகர் வழக்கில் தோற்பார். நீதிபதி கருணையைப் பற்றி நீட்டி முழக்கிவிட்டு, மதம் மாறினால் உயிர்ப்பிச்சை என்பார். உடனே ஒரு வாலிபன் வணிகரின் தோளில் இருக்கும் அவர் மதத்து நீலத் துணியைப் பிடுங்குவான். ‘பர்ர்’ என்று பிரியும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே தளர்வாகத் தைக்க வேண்டும்.

ஊசியக்காவின் அப்பா கடைசிவரை அப்படியொரு துணியைத்தான் போட்டிருந்தார். அவள் என்ன மதம் என்று யாரும் கேட்கவில்லை, வேலை போய்விடுமோ என்று அவளும் சொல்லவில்லை. அன்று தளர்வாகத் தைக்க அவளுக்கு மனம் வரவில்லை; இரட்டை நூல் கோத்து, நெருக்கித் தைத்தாள்.

வணிகராக நடிக்கும் பெரியவர் அங்கியை மாட்டியதும் கண்டுபிடித்துவிட்டார். “என்னம்மா, துணி கல்லு மாதிரி நிக்குது?”

“நிக்கட்டும்ண்ணே.”

மேடையில் வாலிபன் இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். நாலைந்து பேர் சிரித்தார்கள். மூன்றாவது இழுப்பில் பெரியவரே முட்டி தரையில் இடிக்க விழுந்தார். சிரிப்பு நின்றது. பதறிப்போன வாலிபன் அவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி நிறுத்தி, கசங்கிய துணியைத் தோளில் நீவிவிட்டான். வசனம் அவனுக்கு மறந்தே போயிற்று. திரை விழுந்த பிறகும் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

இயக்குநர் உடையறைக்கு ஓடிவந்தார். “யாரக் கேட்டுக்கா இப்படித் தைச்சீங்க?”

“யாரையும் கேக்கல. எங்கப்பா போட்ட துணி சார் அது. கிழியறதுக்குன்னு தைக்க இனிமே எனக்குக் கை வராது. வேற ஆளப் பாத்துக்குங்க.”

“இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லலியே!”

“நீங்க கேக்கலியே.”

பெரியவர் நாற்காலியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “வேற ஆளு எதுக்கு? இன்னிக்கு மாதிரி ஒரு நாளும் சபை வாயை மூடல. தினம் இப்படியே விழறேன். முட்டிக்கு மட்டும் ஏதாவது வழி பண்ணு, தாயி.”

இயக்குநர் தலையைச் சொறிந்தார். “அப்ப அப்படியே வைச்சுக்கலாம். இனிமே கெட்டியாவே தைங்கக்கா.”

மறுநாள் காலை ஊசியக்கா முதல் ஆளாக வந்து ஜன்னலைத் திறந்தாள். இழுபட்ட தோளுக்கு உள்ளே ஒட்டுத் துணி கொடுத்து, நீலத் துணியை இரட்டை நூலில் மறுபடி தைத்தாள். பிறகு பெரியவரின் கால்சட்டையை உள்பக்கம் திருப்பி, இரண்டு முட்டிக்கும் பஞ்சு வைத்துத் தைத்தாள்.