மூன்றாவது பாடலில் நான் வெட்டச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் பொழிச்சலூரில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். கையில் லேப்டாப், கழுத்தில் பெரிய ஹெட்போன்.

"ஆல்பம் முடிஞ்சிடுச்சு மச்சி. வெளிய விடறதுக்கு முன்னாடி நீ கேக்கணும். உன் காதைத்தான் நான் நம்பறேன்" என்றான்.

அவனும் நானும் தாம்பரத்தில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். இரண்டு கிதார், ஒரு டிரம்ஸ் என்று மூன்று பேராக அங்கே ஒரு ப்ளூஸ் ராக் குழு தொடங்கினோம். அவன் பாடிக்கொண்டே வாசிப்பான். இன்னொரு கிதார் நான். கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மின்சார ரயிலில் வந்துபோன நாட்களில் இதுதான் என் வாழ்க்கை என்று நினைத்திருந்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை வேலை கிடைத்தது, கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். என்னை யாரும் போகச் சொல்லவில்லை. மூன்று ஒத்திகைக்குப் போகவில்லை. நான்காவதற்கு, "வேற ஆள் பாத்துக்கோங்க" என்று நானேதான் மெசேஜ் அனுப்பினேன். அதனால் என் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. கோபித்துக்கொள்ள ஓர் ஆள் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

என் இடத்துக்கு வந்தவள் கோவிலம்பாக்கத்துப் பெண். என்னைவிட எட்டு வயது சின்னவள். சுண்டுவிரலில் சிறிய எஃகுக் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு கம்பிகளின் மேல் வழுக்கி வாசிப்பாள். அவர்கள் போடும் வீடியோக்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடுவேன், ஒன்றுக்கும் லைக் போட்டதில்லை. அவள் பிசிறும் இடத்தை மட்டும் இரண்டு முறை ஓடவிட்டுக் கேட்பேன்.

முதல் இரண்டு பாட்டும் நன்றாக இருந்தன. என்னால் தாங்கிக்கொள்ள முடிகிற அளவுக்கு நன்றாக.

மூன்றாவது மெதுவான பாட்டு. பல்லாவரம் சிக்னலில் மழையில் நிற்கும் ஒருவன், வீட்டுக்குப் போகாமலிருக்கக் காரணம் தேடுகிறான். இரண்டாவது சரணம் முடிந்ததும் பாட்டு நின்று அவளுடைய கிதார் தொடங்கியது. மூன்று நிமிடம். அவன் பாடிய வரியையே முதலில் திருப்பிச் சொன்னது. அப்புறம் அவன் சொல்லத் தயங்கியதையெல்லாம் சொன்னது. ஓரிடத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்று நின்றாள். அந்த நேரம் பார்த்து வீட்டுக்கு மேல் விமானம் தாழ்வாக இறங்கியது. ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது. குழுவை விட்டு விலகாமலே இருந்திருந்தாலும், நாள் முழுக்க வாசித்துப் பழகியிருந்தாலும், இதை நான் வாசித்திருக்க முடியாது. அதுதான் என்னைச் சுட்டது.

ஹெட்போனைக் கழற்றினேன்.

"எப்படி மச்சி?"

"எல்லாம் நல்லா இருக்கு. மூணாவதுல அந்த சோலோ மட்டும் ரொம்ப நீளம். பாட்டை விட்டுட்டு எங்கயோ போயிடுது. ஒரு நிமிஷம் போதும்."

அவன் முகம் வாடியது. "நிஜமாவா? எங்களுக்கு அதுதான் உசுருன்னு தோணுச்சு."

"உள்ள இருக்கிறவங்களுக்கு அப்படித்தான் தோணும்" என்றேன். விடைத்தாள் கொடுக்கும்போது வகுப்பில் எனக்கு வரும் நிதானமான குரல் அது.

இரண்டு வாரத்தில் ஆல்பம் வந்தது. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து போனில் கேட்டேன். அந்தச் சுரத்தை அவள் எட்டுவதற்கு முன்பே அவன் பாடத் தொடங்கிவிட்டான். ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு நன்றிப் பட்டியலைப் பார்த்தேன். முதலில் என் பெயர். பாதிச் சாப்பாட்டோடு டிபன் பாக்ஸை மூடினேன்.

அன்று மாலை அவள் போன் செய்தாள். அதற்கு முன் நாங்கள் பேசியதே இல்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. அந்த சோலோ நிஜமாவே நீளமா இருந்துச்சா? எங்க தப்பு பண்ணேன்னு சொன்னா திருத்திப்பேன்."

ஆமாம் என்றால் நம்பியிருப்பாள். அவள் கேட்ட விதம் அப்படி. நான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"நீளமா இல்ல. எங்கயும் தப்பு இல்ல. என்னால அப்படி வாசிக்க முடியாது. அதனாலதான் வெட்டச் சொன்னேன்."



"நாலு மாசம் உக்காந்தேங்க்கா அதுக்கு" என்றாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "சரி. சனிக்கிழமை சாயங்காலம் மேடவாக்கத்துல ஷோ இருக்கு. முழுசா வாசிக்கப் போறேன். நீங்க வரணும்."

அவனையும் கூப்பிட்டுச் சொன்னேன். "இன்னா மச்சி இது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டான். சனிக்கிழமை வரை அவனிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை.

போனேன். கடைசி வரிசையில் நின்றேன். ஹெட்போனில் கேட்டதைவிடவும் நன்றாக வாசித்தாள். அந்தச் சுரத்தில் அவள் நின்றபோது கூட்டம் கத்தாமல் காத்திருந்தது. முடிந்ததும் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினேன். அவன் பக்கத்தில் அவள் நிற்கும் இடம் என் இடம் என்றே அப்போதும் தோன்றியது.

கூட்டம் கலைந்ததும் மேடைக்குப் பக்கத்தில் போனேன்.

"எப்படி இருந்துச்சு அக்கா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு."

அவள் என்னையே பார்த்தாள். நம்பலாமா என்று யோசிக்கிறாள் என்பது புரிந்தது. அப்புறம் லேசாகத் தலையாட்டிவிட்டுத் தரையில் கிடந்த கேபிளைச் சுருட்டத் தொடங்கினாள். அவன் என் முகத்தைப் பார்க்காமல், "டீ குடிச்சிட்டுப் போ" என்றான்.