நான் விறகு சுமந்த செவ்வாய்க்கிழமை

கோர்ட்டுக் காகிதத்தில் அவளைப் பற்றி இரண்டே வரிதான் இருந்தது. தடை செய்யப்பட்ட காட்டில் விறகு வெட்டினாள். இன்னொரு தடவை பிடிபட்டால் சிறை. தென்காசியில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்த நான்தான் அதை நகலெடுத்தேன். கைக்குக் கிடைத்த சரித்திரப் புத்தகத்தையெல்லாம் படித்திருந்தேன். விறகு சுமப்பவள் ஒருத்தி அவற்றில் வாய் திறந்ததே இல்லை. நானே கேட்டு எழுதுவதென்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், முதல் செவ்வாய்க்கிழமை புறப்பட்டேன்.

குற்றாலத்து மலையிலிருந்து இறங்கும் பெண்கள் நால்வர், வழியில் ஒரு சுமைதாங்கிக் கல்லருகே விறகுக்கட்டுகளை இறக்கி இளைப்பாறுவார்கள். காகிதத்தில் இருந்தவள்தான் அவர்களுக்குத் தலைவி. எந்த வருஷம் பிறந்தாய் என்று கேட்டேன்.

"மழை பெஞ்ச வருசம்" என்றாள்.

"எந்த மழை?"

"நனைஞ்ச மழைதான்."

மற்ற மூவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்று ஒருத்தி தன்னை ஜமீன் வீட்டுப் பெண் என்றாள். இன்னொருத்தி தனக்கு ஏழு புருஷன் என்றாள். எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த செவ்வாய் அந்த ஏழு ஐந்தாகியிருந்தது. இரண்டு பேர் என்ன ஆனார்கள் என்று விசாரித்தேன்.

"சாரல்ல சளி புடிச்சுப் போயிட்டானுவ, பாவம்."

மூன்றாவது செவ்வாய் தலைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அய்யா கோர்ட்டு ஆளு. நாங்க நெசத்தச் சொன்னா நீங்க அங்கன போய் ஒப்பிச்சிருவிய. எங்கள மாதிரி நீங்களும் தப்புப் பண்ணுனாத்தான் நம்ப முடியும். இந்தக் கட்டைத் தென்காசி வரைக்கும் சுமந்துட்டு வாங்க. பொறவு கேளுங்க, சொல்லுதேன்."

"ஏட்டி, அய்யாவுக்குச் சும்மாடு கோலிக் குடுங்க!" என்று மற்றவர்களுக்குக் குரல் கொடுத்தாள்.

சுருட்டிய என் மேல்துண்டே சும்மாடாயிற்று. தலையில் கட்டு ஏறியதும் கழுத்து என்று ஒன்று எனக்கு இருந்ததே மறந்துபோயிற்று. என் குடையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மகாராணிபோல் நடந்தாள். நான் வேகமாக நடப்பதாகச் சொல்லி என்னை முன்னால் விட்டார்கள். ஏன் என்பது எதிரே காட்டிலாகாக் கார்டு சைக்கிளில் வந்தபோதுதான் புரிந்தது. எனக்கு அவன் கோர்ட்டில் பழக்கம்.

"என்ன அண்ணாச்சி, இது என்ன கோலம்?"

தலைவி பின்னாலிருந்து சொன்னாள்: "அய்யாவுக்கு நேர்த்திக்கடன், கார்டய்யா. அம்மனுக்குத் தலைச்சுமையா விறகு கொண்டுபோய்ப் பொங்கல் வைக்காவ."

"அப்ப மத்த கட்டெல்லாம் ஆருது?"

அவள் என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையில் மட்டும் விளையாட்டு இல்லை. நான் தலையாட்டினால் அவளுக்கு வீடு, இல்லையென்றால் சிறை. தலையாட்டத்தான் நினைத்தேன், சுமை விடவில்லை. "எல்லாம் என்னுதுதான்" என்று கத்தினேன்.

கார்டு கன்னத்தில் போட்டுக்கொண்டான். "பொங்கல் என்னைக்கு அண்ணாச்சி?"

"வெள்ளிக்கிழமை" என்றாள் தலைவி, எனக்குப் பதிலாக.

ஆக, நேராத நேர்த்திக்கடனை வெள்ளிக்கிழமை செலுத்தினேன். அரிசியும் வெல்லமும் என் வீட்டிலிருந்து போயின. என்ன வேண்டுதல் என்று மனைவி கேட்டதற்குக் கழுத்துவலி என்றேன், அதில் பொய்யில்லை.

அம்மன் கோயில் வாசலில் அடுப்பை ஊதிக்கொண்டே தலைவி சொல்லத் தொடங்கினாள். பிறந்தது ஆலங்குளம் பக்கம். கட்டிக்கொடுத்த இடம் ஆய்க்குடி. புருஷன் ஒருவன்தான், அவனும் கொழும்புக்குப் போனவன் திரும்பவில்லை. பொங்கல் பொங்கி, இலை போட்ட பிறகும் அவள் நிறுத்தவில்லை. மலையில் எந்தப் பாறைக்குப் பின்னால் இறங்கினால் கார்டு கண்ணில் படாது என்ற இடம் வந்தபோது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

"இத எழுதாதிய."

நான் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன். பொங்கலுக்கென்று வந்து ஐந்தாறு அடி தள்ளி உட்கார்ந்திருந்த கார்டு நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, குசுகுசுன்னு? பொங்கல் தீந்து போச்சோ?"

"அதெல்லாம் தீரல, கார்டய்யா" என்று தலைவி எழுந்துபோய், அவன் இலையில் இன்னும் இரண்டு கரண்டி வைத்தாள்.